இஸ்கந்தரிய்யாவில் இருமுறை: பயணப் பேரறிஞர் இப்னு பதூதா

கடலில் அலையும் கலங்களைக் கரைநோக்கி அழைக்கும் ஒளிக்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர் சூட்டியது தமிழ். ஏணியின் துணைகொண்டும் எளிதில் ஏறவியலாத மாடத்தின் உச்சியில் இரவுதோறும் ஏற்றப்பட்ட விளக்கினைச் சங்கப் புலவர் பெரும்பாணாற்றுப்படையில் காட்டுகின்றார். நம் கடற்கரையில் அத்தகைய மாடங்கள் நின்ற அதே பழங்காலத்தில், மத்தியதரைக் கடலின் தென்கரையில், எகிப்து நாட்டின் இஸ்கந்தரிய்யா என்னும் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில், உலக அதிசயங்கள் ஏழனுள் ஒன்றாகப் போற்றப்பட்ட கலங்கரை விளக்கம் ஒன்று விண்ணளாவி நின்றது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், தாலமி மன்னர்களின் காலத்தில், ஃபாரோஸ் என்னும் சிறு தீவின்மீது எழுப்பப்பட்ட அவ்விளக்கம் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையதாக இருந்தது என்பர்.

இன்று அந்நகருக்குச் செல்வோர் அவ்விடத்தில் காண்பது விளக்கத்தை அன்று. மம்லூக் சுல்தான் காயித்பே 1477ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டையையே காண்கின்றனர். பழைய விளக்கத்தின் கற்கள் சில அக்கோட்டையின் சுவர்களில் அடங்கின. எஞ்சியவை கடலடியில் கிடந்தன. 1994ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற நீரடி ஆய்வுகளே அவற்றை உலகிற்கு மீண்டும் காட்டின.

அவ்விளக்கம் உயிர்விடும் தறுவாயில் அதனை இருமுறை நேரிற் கண்டு, கண்டதைச் சொல்லிச் சென்றவர் ஒருவர் உண்டு. முதன்முறை கண்டபோது அவர் இருபத்திரண்டு வயது நிரம்பிய இளைஞர். மறுமுறை கண்டபோது உலகின் பெரும்பகுதியைச் சுற்றி வந்த நாற்பத்தைந்து வயதினர். அவரே இப்னு பதூதா. அவருடைய வாழ்வை அந்த ஒரு கடற்கரை நகரின் வாயிலில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் புறப்பாடும்

அபூ அப்துல்லாஹ் முஹம்மது இப்னு அப்துல்லாஹ் என்னும் இயற்பெயருடைய இப்னு பதூதா, மொராக்கோ நாட்டின் வடமுனையிலுள்ள தான்ஜா என்னும் தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பிறந்தார். மாலிக்கீ சட்டநெறியில் தேர்ந்த காழிகளை வழிவழியாக ஈந்த குடும்பம் அவருடையது. அவரும் அக்கல்வியையே கற்றார். பின்னாளில் எந்நாட்டிற்குச் சென்றாலும் அவருக்குச் சோறும் மதிப்பும் தந்தது அந்தக் கல்வியே.

1325ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஹிஜ்ரி 725 ரஜப் இரண்டாம் நாள், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றும் நோக்கத்துடன் அவர் தன்னந்தனியே வீட்டை விட்டுப் புறப்பட்டார். அன்று பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிவது தமக்கும் அவர்களுக்கும் பெருந்துயரம் தந்ததென்பதை அவர் மறைக்கவில்லை. அந்தப் பிரிவு கால் நூற்றாண்டு நீளும் என்பதை அவரும் அறியார், அவர்களும் அறியார்.

வழியிலேயே காய்ச்சல் கண்டது. தங்கி உடல் தேறிச் செல்லுமாறு பிறர் கூறியதை அவர் ஏற்கவில்லை. இறப்பு வருமாயின் புனிதத் தலங்களை நோக்கிய வழியிலேயே வரட்டும் என்று துணிந்தார். தளர்ச்சியால் விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு பிணைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

துனிஸ் நகரை அவர்தம் குழு அடைந்தபோது, உடன்வந்தோரை வரவேற்க உற்றாரும் நண்பரும் திரண்டு வந்தனர். ஒவ்வொருவரும் ஒருவரையொருவர் தழுவி நலம் வினவினர். இவரை நோக்கிச் சலாம் உரைப்பார் ஒருவரும் இலர். அந்நகரில் இவரை அறிந்தாரும் இலர். இளைஞர் கண்ணீரை அடக்கமாட்டாது அழுதார். அதனைக் கண்ணுற்ற ஹாஜி ஒருவர் அணுகிச் சலாம் உரைத்து, ஊருக்குள் நுழையும்வரை அன்புடன் பேசி உடன்வந்தார். பிற்காலத்தில் சுல்தான்களின் அவையில் அமர்ந்த பெரியவர் இச்சிறு நிகழ்ச்சியை மறவாமல் பதிவு செய்திருப்பது எண்ணத்தக்கது. ஊர் ஊராய்ச் சென்று மனிதரைத் தேடிய வேட்கைக்கு அந்தக் கண்ணீரும் ஒரு காரணமாகலாம்.

நான்கு வாயில்களின் நகரம்

1326ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இப்னு பதூதா இஸ்கந்தரிய்யாவை அடைந்தார். மாமன்னர் அலெக்சாந்தர் கி.மு. 331இல் நிறுவிய அந்நகர் அன்று மம்லூக் சுல்தான் அல்மலிக் அந்நாஸிரின் ஆட்சியில் இருந்தது.

நகருக்கு நான்கு வாயில்கள் இருந்தன. மேற்கிலிருந்து வரும் நெடுஞ்சாலை வந்து சேர்வது சித்ரா வாயில். மற்றவை ரஷீத் வாயில், கடல் வாயில், பச்சை வாயில் என்பன. பச்சை வாயில் வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே திறக்கப்படும். அன்று மக்கள் அவ்வழியே சென்று அடக்கத்தலங்களை ஜியாரத் செய்து திரும்புவர். வாரத்தில் ஒருநாள் மட்டும் திறக்கும் கதவையும் குறித்துக்கொண்ட அவருடைய கூர்நோக்கினை மாணவர் உணர்தல் வேண்டும்.

துறைமுகத்தைக் கண்ட வியப்பை அவர் பின்னாளில் ஓர் ஒப்பீட்டால் உணர்த்தினார். உலகில் தாம் கண்ட துறைகளுள் அதற்கு நிகரானவை இந்தியாவின் கொல்லமும் கோழிக்கோடும், கிரிமியாவின் சூதாக்கும், சீனத்தின் ஸைத்தூனும் மட்டுமே என்பது அவர் மதிப்பீடு. மலையாளக் கரையின் இரு துறைகளை மத்தியதரைக் கடலின் மாபெருந் துறையோடு ஒருதட்டில் வைத்த இக்கூற்று, அக்காலத்து இந்தியப் பெருங்கடல் வாணிகத்தின் வளத்திற்குச் சான்றாகும்.

கலங்கரை விளக்கத்தைக் காண அவர் சென்றார். மூன்று புறமும் கடல் சூழ நீண்டு கிடந்த நிலநாக்கின் முனையில், உயர்ந்த மேட்டின்மீது அது நின்றது. நகரிலிருந்து அதன் தொலைவு ஒரு ஃபர்ஸக், அதாவது சுமார் மூன்று மைல். அதற்குச் செல்லும் வழியில் நகரத்தாரின் அடக்கவிடம் இருந்தது. விளக்கத்தின் ஒரு பக்கம் அப்போதே இடிந்திருந்தது. அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டாகிய 1303இல் நிகழ்ந்த பெருநிலநடுக்கம் அந்நகரைக் குலைத்திருந்தது. 1323இலும் அது மீண்டும் அதிர்ந்தது.

எஞ்சி நின்ற கட்டடம் சதுர வடிவினது. அதன் வாயில் தரைமட்டத்திற்கு மிக உயரத்தில் இருந்தது. வாயிலுக்கு எதிரே அதே உயரத்தில் மற்றொரு கட்டடம் இருந்தது. இரண்டிற்கும் இடையே பலகைகளைப் பாலமாக இட்டு அதன்மேல் நடந்தே உள்ளே செல்லவேண்டும். பலகைகளை எடுத்துவிட்டால் நுழைய வேறு வழியில்லை. வாயிலின் உட்புறம் காவலர் இருக்கும் இடமும், அதற்கப்பால் பல அறைகளும் இருந்தன. உள்வழியின் அகலம் 9 சாண், சுவரின் தடிப்பு 10 சாண், நாற்புறமும் ஒவ்வொரு பக்கமும் 140 சாண் என்று அளவுகளையும் அவர் தந்துள்ளார். நம் கணக்கில் அது நூறு அடிக்குச் சற்று மிகுதியாகும்.

நகருக்கு வெளியே பேரீச்சந் தோப்பின் நடுவே ஒற்றைக் கல்லால் ஆகிய மாபெருந் தூண் ஒன்றையும் அவர் கண்டார். அமூதுஸ் ஸவாரீ என்று அரபியர் அழைத்த அத்தூணை ஐரோப்பியர் பாம்பேயின் தூண் என்றனர். உண்மையில் அது உரோமப் பேரரசர் தியோக்ளீஷியனின் நினைவாக, கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி நிறுத்தப்பட்டது. அஸ்வான் செந்நிறக் கருங்கல்லால் ஆகி, பீடமும் முடியும் உட்பட ஏறத்தாழ 27 மீட்டர் உயர்ந்த அத்தூண் இன்றும் நிற்கிறது. வில்லாளி ஒருவன் அம்பில் நூலைக் கட்டித் தூணின் தலைக்கு மேலாக எய்து, நூலைக்கொண்டு கயிற்றை ஏற்றி, கயிற்றின் வழியே தானும் ஏறி உச்சியில் அமர்ந்த கதையையும் அவர் கேட்டுப் பதிவு செய்தார்.

கல்லினும் உயர்ந்த சின்னங்கள்

இப்னு பதூதா கற்கட்டடங்களை மட்டும் கண்டு மீளவில்லை. ஓர் ஊரின் தலைசிறந்த சின்னங்கள் அவ்வூரின் அறிஞர்களும் இறைநேசர்களுமே என்பது அவர் கொள்கை. அந்நகரில் அபுல் அப்பாஸ் அல்முர்ஸீ அவர்களின் மாணவரான யாக்கூத் அல்ஹபஷீ அவர்களைச் சந்தித்தார். அபுல் அப்பாஸ் அவர்களோ இமாம் அபுல் ஹஸன் அஷ்ஷாதுலீ அவர்களின் மாணவராவார். ஷாதுலிய்யா என்னும் அந்த ஞானவழி பின்னாளில் நம் காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வேரூன்றியதை இம்மலரைப் படிக்கும் பெரியோர் நன்கறிவர்.

அவர் வாழ்வையே திசைதிருப்பிய சந்திப்பு மற்றொன்று. புர்ஹானுத்தீன் அல்அஃரஜ் என்னும் துறவியின் இல்லத்தில் மூன்று நாள் தங்கியிருந்தார். இவருடைய பயண வேட்கையைக் கண்டுணர்ந்த அப்பெரியவர், இந்தியாவில் ஃபரீதுத்தீனையும், சிந்துவில் ருக்னுத்தீனையும், சீனத்தில் புர்ஹானுத்தீனையும் சந்தித்துத் தம் சலாமை எத்திவைக்குமாறு பணித்தார். அதுவரை சீனமோ இந்தியாவோ இளைஞரின் எண்ணத்தில் எழுந்ததில்லை. கேட்ட அன்றே அந்த எண்ணம் அவர் நெஞ்சில் விதையாய் விழுந்தது. மூவரையும் தேடிச் சந்தித்துச் சலாமைச் சேர்ப்பித்த பின்னரே அது தணிந்தது. விடைபெறும்போது அப்பெரியவர் ஈந்த திர்ஹங்களைச் செலவிடாமல் அவர் பேணி வந்தார். இறுதியில் அவற்றை இந்தியக் கடலில் கொள்ளையர் பறித்தனர்.

அண்மையிலிருந்த ஃபுவ்வா என்னும் ஊரில் ஷைகு முர்ஷிதீ அவர்களின் இல்லத்து மாடியில் உறங்கியபோது, பெரும்பறவையொன்றின் சிறகில் அமர்ந்து மக்காவின் திசையிலும் பின்னர்க் கிழக்கிலும் தெற்கிலும் பறப்பதாகக் கனவு கண்டார். ஹஜ்ஜையும் நெடும்பயணங்களையும் அக்கனவு குறிப்பதாக ஷைகு விளக்கினார்.

மஃபர் கரையில்

1326இல் முதல் ஹஜ்ஜை நிறைவேற்றிய பின் அவர் ஊர் திரும்பவில்லை. ஈராக், ஈரான், யமன், கிழக்கு ஆப்பிரிக்கா, அனத்தோலியா, கான்ஸ்தாந்திநோபிள் எனச் சுற்றி, 1333இல் சிந்து நதியைக் கடந்தார். தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காழியாகப் பணியாற்றினார். அச்சுல்தானின் தூதராகச் சீனத்திற்குப் புறப்பட்டபோது, கோழிக்கோட்டில் புயலால் கலம் உடைந்து பரிசுப் பொருள்கள் அனைத்தும் கடலில் அழிந்தன. ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கியிருந்தமையால் அவர் பிழைத்தார். வெறுங்கையுடன் தில்லி மீள அஞ்சிய அவர் மாலத்தீவில் காழியானார். இலங்கையில் ஆதம் மலை ஏறினார்.

1344ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து வரும் வழியில், அரபியர் மஃபர் என்றழைத்த நம் சோழமண்டலக் கரையருகே அவர்தம் கலம் சிதைந்தது. உடன்வந்தோரை மிதவையில் அனுப்பிவிட்டு, இரவெல்லாம் உடைந்த கலத்தின் பின்பகுதியில் தனித்திருந்தார். காலையில் கரையூர் மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். அவர்களும் நம்மவர்களே என்று எண்ணும்போது உள்ளம் நிறைகின்றது.

அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாதுத்தீன் தாமகானி. இருவரும் ஒரே தந்தையின் மகளிரை மணந்த உறவினர். ஆயினும், போரில் பிடிபட்ட பெண்டிரையும் குழந்தைகளையும் அச்சுல்தான் கொல்வித்ததை இப்னு பதூதா மூடி மறைக்கவில்லை. அது வெறுக்கத்தக்க கொடுஞ்செயல் என்றும், அதன் காரணமாகவே இறைவன் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் வெளிப்படையாகக் கூறினார். உண்ட வீட்டின் உறவுக்காகவோ மார்க்க உறவுக்காகவோ சான்றினை வளைக்காத நேர்மை இது.

அக்கரையில் பட்டன் என்னும் அழகிய துறைமுகத்தை அவர் கண்டார். கடலில் பெரு மரங்களை நட்டு அவற்றின்மேல் எழுப்பிய மண்டபமும், அதற்குச் செல்லும் கூரையிட்ட மரவழியும், கல்லால் ஆகிய அழகிய பள்ளிவாசலும் அங்கு இருந்தன. மதுரையிலோ கொள்ளைநோய் பரவியிருந்தது. நோயுற்றோர் இரண்டொரு நாளில் மாண்டனர். அவரையும் காய்ச்சல் பற்றியது. அவ்வூரில் மிகுதியாகக் கிடைத்த புளியை நீரில் கரைத்துக் குடித்து, இறையருளால் நலம் பெற்றார்.

இவ்விடத்தில் அவர் குறைகளையும் கூறுதல் கடன். சென்ற இடந்தோறும் மணந்து, பிரிந்து, பிள்ளைகளை விட்டுச் சென்றார். அடிமை முறையை அவர் கேள்விக்கு உட்படுத்தவில்லை. தம்மைக் காழியாக்கி மதித்த மாலத்தீவின்மீது படையெடுக்க மதுரைச் சுல்தானைத் தூண்டவும் செய்தார். அம்முயற்சி நிறைவேறாது போயிற்று. அப்பழுக்கற்ற மனிதராக அவரைக் காட்டுதல் உண்மைக்கு மாறாகும்.

இரண்டாம் வருகை

சீனம் வரை சென்று மீண்ட இப்னு பதூதா 1348இல் சிரியாவின் திமிஷ்கு நகரை அடைந்தார். இருபதாண்டுகளுக்கு முன் அங்கு மணந்து பிரிந்த மனைவி ஈன்ற மகனைப் பற்றி ஆவலுடன் வினவினார். அச்சிறுவன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார் என்னும் செய்தியும் அங்குதான் கிடைத்தது.

உலகையே உலுக்கிய கரும்பிளேகு அப்போது சிரியாவையும் எகிப்தையும் அழித்துக்கொண்டிருந்தது. இஸ்கந்தரிய்யாவிற்கு வந்தார். நாளொன்றுக்கு 1,080 பேர் வரை மாண்ட பின்னர் நோய் அங்குத் தணியத் தொடங்கியிருந்ததாக அவர் குறித்துள்ளார். நான்கு வாயில்களையும் துறையையும் கண்டு மகிழ்ந்த நகர் அன்று இழவு வீடாய்க் கிடந்தது.

மீண்டும் ஹஜ்ஜை முடித்து, ஹிஜ்ரி 750இல், அதாவது 1349இல், தாயகம் திரும்பும் வழியில் கலங்கரை விளக்கத்தைக் காணச் சென்றார். அது முற்றிலும் சிதைந்திருந்தது. உள்ளே செல்லவும் இயலவில்லை. அந்த உயர்ந்த வாயில்வரை ஏறவும் இயலவில்லை. அதற்கு எதிரே அதனைப் போன்றதொரு விளக்கத்தை எழுப்பச் சுல்தான் அந்நாஸிர் தொடங்கியிருந்தார். அது முடியுமுன் இறப்பு அவரை முந்திக்கொண்டது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் நின்ற பெருமாளிகை, ஒரு மனிதர் ஊர்சுற்றி வருவதற்குள் வாயில் இழந்தது.

ஊரை நெருங்கும்போது மற்றுமொரு செய்தி காத்திருந்தது. அவருடைய அன்னையையும் அதே கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தது. வீடு திரும்பிய மகன் தாயின் அடக்கத்தலத்தையே ஜியாரத் செய்ய முடிந்தது. பயணத்திற்கு அவர் கொடுத்த விலை இதுவே.

நினைவின் நூல்

ஸ்பெயினின் கிரனாடாவிற்கும், சஹாரா கடந்து மாலி நாட்டிற்கும் சென்று வந்தபின், மொராக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி தம் பயணங்களை அவர் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுதினார். 1355ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் சொல்லி முடித்தார். ரிஹ்லா என வழங்கும் நூல் அதுவே. வழியில் குறிப்புகள் சில தொலைந்தமையால் பெரும்பகுதி நினைவிலிருந்தே சொல்லப்பட்டது. காலவரிசையில் பிழைகள் உண்டு. பாலஸ்தீனம், திமிஷ்கு, மக்கா, மதீனா பற்றிய பகுதிகள் சில இப்னு ஜுபைர், அப்தரீ ஆகிய முன்னோரின் நூல்களிலிருந்து சேர்க்கப்பட்டவை என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர்.

அவர் காலத்திலேயே பலர் அவரை நம்பவில்லை. வரலாற்று மேதை இப்னு கல்தூனும் ஐயுற்றார். அப்போது அமைச்சர் ஒருவர், தான் காணாத ஒன்றை இல்லையென மறுத்தல் ஆகாது என்று கூறிச் சிறையிலேயே வளர்ந்த சிறுவனின் கதையைச் சொன்னார். எலியன்றி வேறு விலங்கைக் கண்டறியாத அச்சிறுவன், ஆடும் ஒட்டகமும் எலியின் இனமே என்று எண்ணினானாம். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதனைப் பதிவு செய்தார். இறுதிக்காலத்தில் காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா ஹிஜ்ரி 770இல் (1368–69) மறைந்தார். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1853 முதல் 1858 வரை நான்கு தொகுதிகளாக நூலைப் பதிப்பித்தபின் உலகம் அவரைப் போற்றியது.

நமக்கு ஒரு கடமை

இஸ்கந்தரிய்யாவின் விளக்கம் கடலுள் மறைந்தது. எனினும் அதன் வாயில் எங்கிருந்தது, பலகை எவ்வாறு இடப்பட்டது, சுவர் எத்தனை சாண் என்பதை நாம் இன்றும் அறிவோம். கண்டவர்கள் சொல்லிவைத்தார்கள், இப்னு பதூதா அவர்களுள் ஒருவர். நம் கரையிலிருந்த பட்டன் துறைமுகமோ எந்த ஊர் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் உடன்பாடு இல்லை. பெரியபட்டினம் என்பர் சிலர். தேவிபட்டினம் என்பர் சிலர். அயலகத்தார் ஒருவர் சில நாள் தங்கி எழுதிய சில வரிகளே நமக்குத் துணை. அத்துறையில் பிறந்து, அம்மண்டபத்தில் அமர்ந்து, அக்கற்பள்ளியில் தொழுத நம் முன்னோரின் சொல் அவ்வகையில் நமக்கு எட்டவில்லை.

மாணவச் செல்வங்கள் விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் செல்லும்போது இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊரின் பழைய கற்பள்ளி, அதன் தூண்கள், மீஸான் கல்லில் பொறித்த எழுத்து, தூர்ந்துபோன துறை, அதனை அறிந்த முதியவரின் நினைவு ஆகியவற்றுள் எதுவும் நாம் மீண்டும் வரும்வரை காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு நூலேணியும் நாற்பது பக்கக் குறிப்பேடும் போதும். சென்று, அளந்து, கேட்டு, எழுதி வைப்போமாக. அடுத்தமுறை நாம் செல்லும்போது வாயில் இடிந்திருப்பினும், அது இருந்த இடமேனும் பின்வருவோர்க்குத் தெரிந்திருக்கும்.